சோறு சரி, தொட்டுக்க என்ன? வருமானமும் சாப்பாடும்: வாசகர் கேள்விகள்

குடும்ப வருமானத்துக்கும் தட்டில் விழும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில். பதில்களில் வரும் கடை விலைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட தோராய விலைகள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். கணக்கு முறை மாறாது.

என் கணவரின் சம்பளம் 18,000 ரூபாயிலிருந்து 30,000 ஆனது. மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து முன்பு 8,000 ஆகும், இப்போது 10,500. சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறைந்திருக்கிறது, ஆனாலும் மாதக் கடைசியில் கை காலி. எங்கே போகிறது?
(வாசகி, திருச்சி)

பங்கு குறைந்தது இயல்பான விஷயம். எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857-லேயே பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டார்: வருமானம் குறைவான வீட்டில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு அதிகம், வருமானம் ஏற ஏற அந்தப் பங்கு இறங்கும். உங்கள் வீட்டில் 44 சதவீதம் 35 ஆகியிருக்கிறது. நாட்டிலும் அதேதான். தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவின் பங்கு 1999-2000-ல் 59 சதவீதத்துக்குமேல் இருந்தது. 2022-23-ல் 46 சதவீதம். நகரத்தில் 48-லிருந்து 39. (அவர்கள் வருமானத்தை வைத்துப் பார்ப்பதில்லை, செலவை வைத்துப் பார்க்கிறார்கள். ஒப்பிடும்போது நீங்களும் மொத்தச் செலவை வைத்தே போடுங்கள்.)

உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பங்குக்குள்ளே இருக்கிறது. கிராமங்களில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு மட்டும் 1999-2000-ல் மொத்தச் செலவில் 22 சதவீதம் போனது. 2022-23-ல் 5 சதவீதம்கூட இல்லை. ரேஷன் மலிவும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அளவே குறைந்திருக்கிறது: ஆளுக்கு மாதம் 12.7 கிலோ தானியம் சாப்பிட்ட கிராமத்தில் 2022-23-ல் 9.6 கிலோ. அங்கே மிச்சமானதில் ஒரு பகுதி பழத்துக்கும் முட்டை, கறி, மீனுக்கும் போனது; உணவுக்குள் எல்லாவற்றையும்விட அதிகமாக, பானம், தின்பண்டம், பதப்படுத்திய உணவு என்ற தலைப்புக்குப் போனது. மொத்தச் செலவில் இது கிராமத்தில் 9.6, நகரத்தில் 10.6 சதவீதம். உணவுச் செலவில் இன்று முதலிடம் இதற்குத்தான்.

நீங்கள் சொன்ன 10,500-ல் இந்தத் தலைப்பு முழுதாக இல்லை என்பது எங்கள் ஊகம். சாயங்கால டீ, வெள்ளிக்கிழமை பரோட்டா, செல்போனில் ஆர்டர் செய்த பிரியாணி, பிள்ளையின் கடைத் தீனி எல்லாம் மளிகைக் கணக்கில் ஏறாமல் சட்டைப்பையிலிருந்து போய்விடும்.

கணக்கெடுப்பாளர்கள் கேட்கும் முறையையே வீட்டிலும் பின்பற்றலாம். அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்புக்கு 30 நாள் கணக்கு. எண்ணெய், முட்டை, மீன், கறி, காய், பழம், வெளியே சாப்பிட்டது, டீ, தின்பண்டம் ஆகியவற்றுக்கு 7 நாள் கணக்கு, ஏனென்றால் இவற்றை ஒரு வாரத்துக்குமேல் யாருக்கும் நினைவிருக்காது. ஏழு நாள் தொகையை 4.3-ஆல் பெருக்குங்கள், பலரும் 4-ஆல் பெருக்கி இரண்டு நாள் செலவைத் தொலைத்துவிடுகிறார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தன் கையால் செலவழித்ததைத் தனியாக எழுத வேண்டும். ஒருவரே எல்லோருக்குமாக எழுதினால் டீக்கடை விட்டுப்போகும்.

இலவச அரிசி கொடுத்துக் கொடுத்துத்தான் மக்கள் மூன்று வேளையும் சோறே சாப்பிடுகிறார்கள், பருப்பு காய் வாங்குவதில்லை என்கிறேன் நான். சரிதானே?
(ஓய்வுபெற்ற வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. நான்கு பேர் உள்ள ஒரு கூலிக் குடும்பம் மாதம் 30 கிலோ அரிசி சமைக்கிறது என்று வைப்போம். ரேஷனில் 20 கிலோ வருகிறது. மீதி 10 கிலோவைக் கிலோ 45 ரூபாய்க்குக் கடையில் வாங்குகிறார்கள். இன்னும் ஒரு கிலோ கூடுதலாகச் சாப்பிட நினைத்தால் அதற்கு விலை 45 ரூபாய்தான், இலவசம் இல்லை. அப்படியானால் அந்த 20 கிலோ என்ன செய்கிறது? கையில் 900 ரூபாய் வைத்தது போல வேலை செய்கிறது. அந்தப் பணம் மீனாகலாம், பள்ளிக் கட்டணமாகலாம், சாராயமும் ஆகலாம். சோற்றின் அளவை அது தீர்மானிப்பதில்லை.

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் மானியம் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. அரிசி மலிவானதும் அவர்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டு மற்றதை வாங்கினார்கள். ஏழை வீட்டில் சோறு என்பது வேறு எதுவும் வாங்க முடியாதபோது வயிற்றை நிரப்புகிற பொருள். கொஞ்சம் பணம் மிஞ்சினால் முதலில் குறைவது அதுதான்.

ஆனால் மாதம் 12 கிலோகூட ஆகாத வயதான தம்பதிக்கு அதைவிட அதிகமாக வந்தால் கதை வேறு. மிச்சம் இட்லி மாவாகும், கோழிக்குப் போகும், விற்கவும் படும்.

தமிழ்நாட்டு ரேஷனில் குறை சொல்ல வேண்டுமானால் பருப்பைச் சொல்லுங்கள். ஓர் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரித் தட்டில் தானியம் 250 கிராம். பருப்பு வகையோ அதற்கு ஈடான முட்டை, இறைச்சியோ 85 கிராம். பத்தில் ஒரு பங்குதான் அட்டையில் வருகிறது. இரண்டாவது கிலோ பருப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் நூறு விழிப்புணர்வுக் கூட்டம் செய்யாததை அது செய்யும் என்பது எங்கள் கருத்து.

கட்டட வேலை. நாள் கூலி 700 ரூபாய், மாதம் 22 நாள் வேலை. எதிர் வீட்டில் மாதச் சம்பளம் 15,000. எங்களுக்கு அதைவிட 400 ரூபாய் கூடத்தான் வருகிறது. ஆனால் அவர்கள் வீட்டில் தினம் பருப்பு, பொரியல்; எங்கள் வீட்டில் ரசமும் ஊறுகாயும். ஏன்?
(வாசகர், சேலம்)

மாதம் எவ்வளவு வருகிறது என்பதோடு, அது எப்படி வருகிறது என்பதும் சாப்பாட்டை மாற்றுகிறது. உங்களுக்குச் சாயங்காலம் கூலி, ராத்திரிக்குச் சாமான். அன்றன்றைக்கு வாங்குவதால் சிறு அளவுக்கான விலையைக் கொடுக்கிறீர்கள். 100 கிராம் பருப்பு 17 ரூபாய் என்றால் கிலோ 170. எதிர் வீட்டுக்காரர் 140-க்கு வாங்குகிறார். ஒவ்வொரு கிலோவுக்கும் 30 ரூபாய் கூடுதல். எண்ணெய், மிளகாய், புளி, மல்லி எல்லாவற்றிலும் இதே கதை.

சிறிதாக வாங்கினால் எல்லாமே நஷ்டம் என்றும் இல்லை. ஷாம்பு பாக்கெட் பல நேரம் பாட்டிலைவிட மலிவு. காய்கறி, கீரை, மீன் ஆகியவற்றைத் தினம் சாயங்காலம் வாங்குவது உங்களுக்கு லாபம்தான். கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். ஆகவே மாற்ற வேண்டியது கெடாத சாமான்களை மட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். அதற்கு 2,000 ரூபாய் வேண்டும். அதைக் கடன் வாங்கினால் வட்டி தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு பொருள் போதும். முதல் வாரம் கூலி நாளில் 1 கிலோ பருப்பு. இரண்டாம் வாரம் 1 லிட்டர் எண்ணெய். மூன்றாம் வாரம் மிளகாய், மல்லி அரைக் கிலோவாக வாங்கி மில்லில் அரைப்பது. நான்காம் வாரம் புளி, கடுகு, சீரகம். ஐந்தாம் வாரம் மறுபடி பருப்பு. ஒரு சுற்று முடிந்தால் அன்றாடம் வாங்க வேண்டியது காயும் முட்டையும் மட்டுமே. ரேஷன் பருப்பும் பாமாயிலும் வரும் நாளை இந்தச் சுற்றோடு சேர்த்துத் திட்டமிட்டால் இன்னும் இலகு.

இதில் வழக்கமாக எங்கே சறுக்கும் என்றால்: எண்ணெய் பெரிய கேனாக வாங்கினால் கை தாராளமாகிவிடும். நான்கு பேருக்கு மாதம் 3 லிட்டருக்குமேல் வீட்டில் இருக்கவே வேண்டாம். பருப்பில் வண்டு விழும். வாங்கியதும் இரண்டு மணி நேரம் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு காய்ந்த மிளகாய் நாலைப் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

உங்கள் தொழிலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேலை நிற்கும். 22 நாள் 10 நாளாகும் மாதங்கள் அவை. அதற்குமுன் புரட்டாசியிலேயே பருப்பும் எண்ணெயும் இரண்டு மாதத்துக்கு இருப்பு வைத்தால், அப்போது அண்ணாச்சி கடை நோட்டில் கடன் ஏறாது. மளிகைச் சீட்டு கட்டுவதாக இருந்தால், கடைசியில் தரப்போவது பணமா சாமானா, சாமான் என்றால் எந்தப் பொருள் எத்தனை கிலோ என்பதை முதல் தவணையிலேயே எழுதி வாங்குங்கள். இத்தனை ரூபாய்க்குச் சாமான் என்று மட்டும் பேசிக்கொண்டால், கொடுக்கும் நாளில் விலை அவர்கள் சொல்வதுதான்.

பிள்ளைக்குப் புரதம் குறைவு என்று டாக்டர் சொன்னார். சத்து பானப் பொடி மாதம் இரண்டு பாட்டில் வாங்குகிறோம். பால், பனீரும் வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் வருமானத்துக்குத் தாங்கவில்லை. எது வாங்கினால் நல்லது?
(வாசகி, விருதுநகர்)

ஒரு கணக்கு போதும்: 10 கிராம் புரதம் கிடைக்க எத்தனை ரூபாய்? பொருளின் கிலோ விலையை, அந்தக் கிலோவில் உள்ள புரதக் கிராமால் வகுத்து 10-ஆல் பெருக்குங்கள்.

ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். கிலோவுக்குப் புரதம் ஏறக்குறைய 220 கிராம். ஆகவே 10 கிராம் புரதம் ஒன்றரை ரூபாய்க்கும் கீழே. இதற்கு ஈடு எதுவும் இல்லை. அதே பருப்பு கடையில் 140 ரூபாய் என்றால் ஆறரை ரூபாய் ஆகிறது. மீல்மேக்கர் என்ற சோயா உருண்டை 140 ரூபாய், பாதிக்குமேல் புரதம். அதில் 10 கிராமுக்கு மூன்று ரூபாய்க்குக் கீழே. கொள்ளு 90 ரூபாய் என்றால் நான்கு ரூபாய். நிலக்கடலை 140 என்றால் ஐந்தரை. முட்டை ஒன்று ஆறரை ரூபாய், ஒன்றில் ஆறு கிராம் சொச்சம். ஆகவே பத்து ரூபாய். பால் லிட்டர் 40 ரூபாய், 30 கிராம் புரதம், பதிமூன்று ரூபாய். பிராய்லர் கோழி கிலோ 240, எலும்பு போகப் பார்த்தால் பதினெட்டு ரூபாய்க்குக் குறையாது. பனீர் 400 ரூபாய் என்றால் இருபத்திரண்டு.

இப்போது சத்து பானப் பொடி. பாட்டிலின் பின்னால் உள்ள அட்டவணையைப் படியுங்கள். மால்ட் வகையில் 100 கிராமுக்கு 7 கிராம் புரதம் என்று போட்டிருந்து, கிலோ 450 ரூபாய் என்றால், 10 கிராம் புரதத்துக்கு 64 ரூபாய் கொடுக்கிறீர்கள். அரிசியிலேயே 100 கிராமுக்கு 7, 8 கிராம் புரதம் உண்டு. அதே அட்டவணையில் சர்க்கரை எத்தனை கிராம் என்பதையும் பாருங்கள். அந்தப் பானத்தைக் குடித்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் புரதம் சேர்ந்தால், அதில் பெரும்பங்கு நீங்கள் ஊற்றிய பாலுடையது.

இந்தப் பட்டியலை அப்படியே பிடித்துக்கொண்டு கொள்ளும் மீல்மேக்கருமே போதும் என்றும் இறங்கிவிடாதீர்கள். பருப்புப் புரதம் தனியாக நின்றால் குறைபாடு உண்டு, அரிசிப் புரதத்துக்கும் உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு, கூடவே கொஞ்சம் பாலோ தயிரோ என்பது நல்ல விகிதம். பொங்கல், இட்லி, அடை எல்லாம் இதைத் தெரிந்து செய்தது போலவே இருக்கின்றன. அடைக்கு 3 டம்ளர் அரிசிக்கு 1 முதல் ஒன்றரை டம்ளர் பருப்பு போட்டால் சரி. முட்டைப் புரதம் தரத்தில் முதல் வரிசை, பிள்ளைக்குச் செரிக்கவும் எளிது. பத்து ரூபாய் கொடுப்பதில் தப்பில்லை. புரட்டாசியில் பலர் அசைவம் விடுவதால் முட்டை, கோழி விலை இறங்குவது வழக்கம். விரதம் இல்லாத வீடுகளுக்கு அது நல்ல மாதம்.

பெரிய ஏமாற்றம் சாம்பாரில்தான் நடக்கிறது. தினம் சாம்பார் வைக்கிறோம், புரதம் போதும் என்று நினைப்பார்கள். நான்கு பேருக்கு 100 கிராம் பருப்பு போட்டால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம், அவ்வளவுதான். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் வேண்டும் (எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது கணக்கு). 250 கிராம் அரிசியில் 19 வந்துவிடும். மீதி 27-க்கு வழி வேண்டும். 200 கிராம் பருப்பு போட்டால் ஆளுக்குப் பதினொன்று. சாயங்காலம் ஒரு கைப்பிடி, 30 கிராம் நிலக்கடலையோ சுண்டலோ கொடுத்தால் 6, 7. ஒரு முட்டை 6. ஒரு டம்ளர் பால் 4, 5. எட்டிவிட்டது. இரண்டு பாட்டில் பொடிக்கு ஆகும் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து இதில் ஒரு பகுதியைச் செய்யலாம்.

கருவாடு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். நெத்திலிக் கருவாட்டில் பாதிக்குமேல் புரதம். ஏழைகளின் சாமான் என்று ஒதுக்கத் தேவையில்லை. உப்பு அதிகம் என்பதுதான் குறை. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனி உப்பு போடாமல் செய்யுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தள்ளிவையுங்கள்.

ரேஷன் அரிசியை ஊறவைத்தால் சில மணிகள் மிதக்கின்றன, நிறமும் வேறு. பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறோம்.
(வாசகி, திருவண்ணாமலை)

எறியாதீர்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்து, சாதா அரிசி 100 கிலோவுக்கு 1 கிலோ என்று கலக்கிறார்கள். மாவிலிருந்து செய்ததால் கனம் கொஞ்சம் மாறும், சில மிதக்கும். பிளாஸ்டிக் வெந்து குழையாது, இது குழையும்.

கலந்த அரிசி கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஆளுக்கு நாளைக்கு 167 கிராம் (20 கிலோவை நான்கு பேருக்குப் பிரித்தது) என்றால் 5 முதல் 7 மில்லிகிராம் இரும்பு. நூற்றில் ஒன்றைப் பொறுக்கி எறிந்தால் போவது அத்தனையும். கழுவும்போது இரண்டு தண்ணீரோடு நிறுத்துங்கள். வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குவது நல்லது. வடித்தே பழக்கம் என்றால் கஞ்சியை ரசத்திலோ குழம்பிலோ சேருங்கள். தலசீமியா, அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஒரு காலத்தில் கேழ்வரகும் கம்பும் சாமையும் ஏழைகளின் சாப்பாடு. இன்று சாமை அரிசி பொன்னியைவிட விலை. பணக்காரர்கள் சாப்பிட ஆரம்பித்ததால்தானா?
(வாசகர், தருமபுரி)

பாதி அதுதான். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல், கல்யாணம் என்று வந்து, மற்ற நாளெல்லாம் கூழும் களியும் என்றிருந்த வீடுகளில் அரிசி என்பது வசதியின் அடையாளமாக இருந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம் என்று அரிசி வந்தபின், உரலில் இடித்துப் புடைத்துச் சாமைச்சோறு ஆக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. விதைப்பும் குறைந்தது. பிறகு சர்க்கரை நோய்ப் பயத்தில் நகரத்து வசதியுள்ளவர்கள் தேடி வந்தபோது சரக்கு கொஞ்சம்தான் இருந்தது.

மீதிப் பாதி உமி. சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் கெட்டியான உமி உண்டு. நீக்கத் தனி இயந்திரம் வேண்டும், நீக்கும்போது உமியும் நொய்யுமாக எடை கணிசமாகப் போகும். அந்தக் கழிவுக்கான விலையும் உங்கள் பாக்கெட்டில் ஏறுகிறது. கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு அந்த உமி இல்லை. கழுவிக் காயவைத்து அப்படியே மாவு மில்லுக்குக் கொண்டுபோகலாம். அதனால்தான் இவை இன்றும் கட்டுப்படியாகும் விலையில் நிற்கின்றன. நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ள 2023-ல் வழி செய்தார்கள். உங்கள் ஊர்தான், கேட்டு வாங்குங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து. அரிசியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

கம்பை மட்டும் பத்து நாளைக்கு ஆகும் அளவுக்கே அரையுங்கள். அதில் கொழுப்பு அதிகம் என்பதால் மாவாக்கி வைத்தால் கசந்துவிடும். கசந்ததும் கம்பு பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் ஒதுக்குவார்கள், பழி கம்பின்மேல் விழும். "மல்டி மில்லட்" என்று போட்ட பிஸ்கட், நூடுல்ஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொருட்பட்டியலில் முதல் பெயர் மைதாவா கோதுமையா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கறி, மீன் வாரம் இரண்டு நாள் வாங்குகிறோம், வசதி வந்துவிட்டது. ஆனாலும் மருமகளுக்கு ரத்தசோகை என்கிறார்கள். எப்படி?
(வாசகி, பட்டுக்கோட்டை)

வீட்டுக்கு வந்த பணம் எல்லோர் தட்டுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆண்கள், பிள்ளைகள், பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருபவருக்குக் குழம்புச் சட்டியில் குழம்பு இருக்கும், துண்டு இருக்காது. வருமானம் கூடும்போது கடைசித் தட்டு கடைசியில்தான் மாறும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்றது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இவர்கள் எல்லோரும் ஏழை வீட்டுப் பெண்கள் அல்லர்.

உழைக்கிற ஆணுக்குத்தான் அதிகம் வேண்டும் என்ற நினைப்பு கலோரிக்குச் சரி. இரும்புச்சத்துக்கு நேர்மாறு: நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம், மாதவிடாய் உள்ள வயதுப் பெண்ணுக்கு 29.

செய்ய வேண்டியது: மீன், முட்டை, கறியை எண்ணிக்கையாகச் சமைத்து, பரிமாறும் முன்பே அவர் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். முட்டைப் பொரியல் என்றால் கடைசி ஆளுக்குக் கிடைக்காது. அவித்த முட்டையில் பங்கு தெரியும். கோழி ஈரல் கறியைவிட மலிவு, இரும்பு அதிகம். வாரம் ஒரு நாள் 50 கிராம் போதும் (கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்). கீரையோடு எலுமிச்சை பிழிவது, கொய்யாவோ நெல்லியோ கூடச் சாப்பிடுவது இரும்பை உடம்பில் ஏற்றும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே (கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே) இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை இலவசம். குடல்புழுவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

டீயும் வடையும் தொழிலாளிகளைக் கெடுக்கிறது என்கிறார்கள். நிறுத்தத்தான் வேண்டுமா?
(வாசகர், திருப்பூர்)

டீக்கடை நேரம்தான் பலருக்கு வேலையில் கிடைக்கும் ஒரே ஓய்வு. அதை நிறுத்தச் சொல்லும் யோசனை ஏட்டில்தான் இருக்கும். நாளைக்கு டீ இரண்டு 24 ரூபாய், வடை 10 என்றால் 26 நாளுக்கு 884 ரூபாய். டீ இருக்கட்டும், சர்க்கரை பாதி போடச் சொல்லுங்கள். வடைக்குப் பதில் அதே 10 ரூபாய்க்குச் சுண்டல் பொட்டலமோ அவித்த முட்டையோ கிடைத்தால் மாற்றுங்கள். பொரித்த எண்ணெயிலேயே திரும்பத் திரும்பச் சுட்டது உடம்புக்கு ஆகாது என்பதைத் தவிர, பருப்பு வடைமீது எங்களுக்குப் பகையில்லை.

பிள்ளை அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலைச் சிற்றுண்டி, மதியச் சத்துணவு இரண்டும் அங்கேயே. வீட்டில் ராத்திரிக்கு என்ன கொடுத்தால் போதும்?
(வாசகி, இராமநாதபுரம்)

பள்ளி நாட்களில் மதியம் முட்டை வந்துவிடுகிறது, வாரத்துக்கு ஐந்து. பிள்ளை முட்டையைச் சாப்பிடுகிறதா, பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறதா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரிக்கு இட்லி, தோசை, பருப்புச் சாதம் எதுவானாலும் சரி. பள்ளியில் குறைவாகக் கிடைப்பது பழமும் பாலும்தான். ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் அல்லது மோர் சேருங்கள்.

சிக்கல் சனி, ஞாயிறும் மே மாத விடுமுறையும். வருடம் முழுவதும் பள்ளி சுமந்த இரண்டு வேளை அந்த மாதம் வீட்டுக் கணக்கில் ஏறும். பல வீடுகளில் அப்போது பிள்ளைக்குக் காலையில் டீயும் ரஸ்க்குமாகப் போய்விடுகிறது. 22 முட்டைக்கு ஏறக்குறைய 145 ரூபாய், ஒன்றரைக் கிலோ கேழ்வரகுக்கு 70 ரூபாய், ஒரு கிலோ நிலக்கடலைக்கு 140. மொத்தம் 355 ரூபாய். பிப்ரவரி தொடங்கி மாதம் 120 ரூபாய் எடுத்துவைத்தால் ஏப்ரல் கடைசியில் இந்தச் சாமான் வாங்கப் பணம் தயார். முட்டையை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வாங்குங்கள், மே வெயிலில் வெளியே நாள்பட வைத்தால் கெட்டுவிடும்.